பாறைக்கரையில் கிடைத்த சித்தப்பா

கண்ணாடிக்கடைக்காரருக்கு யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்லத் தெரியாது. அகலமான முகத்தோடு வந்த ஒருவர் ஒல்லி ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், “உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்” என்பார். அதே ஆள் அதைக் கழற்றிவிட்டுத் தடித்த ஃபிரேமை மாட்டினால், “இது இன்னும் எடுப்பா இருக்கு” என்பார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அவருக்குக் கொஞ்சமும் கிடையாது. எதிரே இருப்பவர் முகம் மலர்ந்தால் சரி. கல்லாவில் உட்காரும் அவர் மனைவிதான் இரண்டு பேருக்கும் சேர்த்து ‘இல்லை’ சொல்லிக் கடையை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அவருடைய பவர் மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பது ஆளா, ஆணியில் தொங்கும் சட்டையா என்று தெரியாது.

அந்த வாரம் குழாய் பதிப்பதற்காகத் தெருவைத் தோண்டிப் போட்டார்கள். கடை வாசலை ஒட்டி ஒரு பள்ளம், அதன் மேல் ஒரு பலகை. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் பலகையை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மனைவி கல்லாவைச் சாத்தினாள்.

“இந்தப் பலகையில ஏறி வர்றதுக்குக் கண்ணு நல்லா தெரியணும். கண்ணு நல்லா தெரியறவங்க நம்ம கடைக்கு எதுக்கு வர்றாங்க? கிளம்புங்க, எங்கயாவது போலாம்.”

“எங்க?”

“கடலோரமா அந்தப் பூங்கா இருக்குல்ல, காடும் பாறையுமா. வர்றவங்க எல்லாம் போயிட்டு வந்து கதை கதையா சொல்றாங்க. நாம மட்டும் எதிர்ச்சுவத்துல மாட்டியிருக்கற எழுத்தையே பாத்துட்டு உக்காந்திருக்கோம்.”

அவர் சரி என்றார். வேறென்ன சொல்வார்!

பேருந்து அவர்களைப் பூங்கா வாசலில் இறக்கிவிட்டது. வாசலில் பெரிய அறிவிப்புப் பலகை. கல்லை எடுத்துச் செல்லாதீர்கள், பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள், அலை ஏறும் நேரத்தில் பாறைகளில் நிற்காதீர்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. அவர் அடிவரி வரைக்கும் படித்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் மறுபடியும் படித்தார்.

“கூட வர்றீங்களா, இல்ல அந்தப் போர்டுக்குக் கண் டெஸ்ட் எடுக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டு மனைவி விறுவிறுவென்று நடந்தாள்.

பாதை காட்டுக்குள் இறங்கியது. மரங்கள் அண்ணாந்து பார்த்தாலும் முடியாத உயரம். வேர்களே படிகளாக இருந்தன. பாசி பிடித்த அடிமரங்களிலிருந்து ஈர வாசனை வந்தது. கடலைக் காணவில்லை, ஆனால் அதன் இரைச்சல் எல்லாப் பக்கமும் கேட்டது. மழை இல்லாவிட்டாலும் இலைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்ததால் மனைவி தன் பச்சைக் குடையை விரித்தாள்.

பாதி வழியில் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு நாற்காலி இறங்கி வந்தது. சாய்வும் கைப்பிடியும் மெத்தை வைத்துத் தைத்த, சிவப்பு வெல்வெட் போர்த்திய, கனமான நாற்காலி. அதைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து வந்தவர்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. பின்னால் ஒரு பெண் பெரிய குடை ஒன்றை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வேர் எங்கே இருக்கிறது, பள்ளம் எங்கே இருக்கிறது என்று கீழேயே பார்த்துச் சொல்லிக்கொண்டு போனாள்.

“கடலுக்கு எதுக்கு நாற்காலி?” என்றாள் மனைவி.

“முட்டி வலிக்காரங்க யாராச்சும் இருப்பாங்க” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

காடு முடிந்த இடத்தில் மணல் இல்லை. கரை முழுக்கக் கறுத்த பாறைகள். இடுக்குகளில் தண்ணீர் தேங்கிக் குட்டிக் குட்டிக் குளங்களாகக் கிடந்தது. தூரத்தில் ஓரிடத்தில் அலை பாறைக்கு அடியில் புகுந்து மேலே பீய்ச்சியடித்தது. மனைவி அதைப் பார்த்ததும், “நான் அங்க போறேன், மெல்ல வாங்க” என்று சொல்லிவிட்டுப் பாறைக்குப் பாறை தாவிப் போய்விட்டாள்.

அவர் ஒரு குளத்தருகே குந்தினார். உள்ளே பூப்போல விரிந்திருந்த ஒரு பிராணி. விரலால் தொட்டார். அது சட்டென்று மூடிக்கொண்டது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொன்றைத் தொடலாம் என்று குனிந்தபோது மூக்கிலிருந்து கண்ணாடி நழுவியது. பாறையில் ஒரு முறை ‘டிங்’ என்றது, இடுக்குக்குள் இன்னொரு முறை ‘டிங்’ என்றது. அவ்வளவுதான்.

தோள்வரை கையை விட்டுத் துழாவினார். உள்ளேயிருந்து எதுவோ அவர் விரலைக் கவ்வியது. அலறிக்கொண்டு கையை இழுத்தார். மனைவியைக் கூப்பிட்டார். காற்று அவர் குரலை அப்படியே திருப்பி அவர் வாயிலேயே திணித்தது.

உலகம் கறுப்பும் வெள்ளையுமாகக் கலங்கிப் போயிருந்தது. அதில் ஒரே ஒரு பச்சை தெரிந்தது. குடை. இவ்வளவு பக்கத்திலா இருந்தாள் என்று நினைத்துக்கொண்டு, நிற்கப் பயந்து, பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து அதை நோக்கிப் போனார். ஓர் அலை வந்து முகத்தில் அறைந்தது. உப்புத் தண்ணீர் கண்ணில் ஏறிக் கரித்தது. கண்ணீர் தாரை தாரையாக ஊற்ற அவர் பச்சைக்கு அடியில் போய்ச் சேர்ந்தார்.

“வந்துட்டார்! அப்பா, வந்துட்டார்!” என்று ஒரு பெண் குரல் கத்தியது.

“அழுதுட்டே வர்றாரு பாருங்க” என்றது வயதான இன்னொரு பெண் குரல். “தவழ்ந்து வர்றாரு.”

கனமான கைகள் அவரைத் தூக்கி நிறுத்தி மார்போடு சேர்த்து அணைத்தன. பஞ்சு வாசனை அடித்தது. அது மனைவி இல்லை, அந்தப் பச்சை அவள் குடையும் இல்லை என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் வெளியிடத்தில் யாராவது முகம் மலர்ந்து அவரிடம் வந்தால் அது எப்போதும் கடை வாடிக்கையாளர்தான். ஆகவே எப்போதும் கேட்பதைக் கேட்டார்.

“நல்லா இருக்கீங்களா? கண்ணு எப்படி இருக்கு?”

அணைத்திருந்த பெரிய உடம்பு குலுங்கியது.

“கேட்டியா? கண்ணு எப்படி இருக்குன்னு கேக்கறான்! எனக்கு வலது கண்ணு ஆபரேஷன் ஆனது இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. மூஞ்சி குடுத்துப் பேசலைன்னாலும் விசாரிச்சு வெச்சிருக்கான்!”

“ஆபரேஷனா? வலது கண்ணா? சொட்டு மருந்து ஒழுங்கா விடறீங்களா?”

“பாத்தீங்களா, ‘ங்க’ போட்டுப் பேசறாரு. இன்னும் கோபம் தீரல” என்றது வயதான பெண்குரல்.

மரியாதை கொடுத்தால் வருத்தப்படுகிற வாடிக்கையாளரை அவர் இதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் கேட்டபடி கொடுப்பதுதானே தொழில். “சரி, மருந்து ஒழுங்கா விடறியா?” என்று திருத்திக் கேட்டார். பெரிய உடம்பு வாய்விட்டு அழுதது.

“அன்னைக்குக் கல்யாண ஃபோட்டோவுக்கு உன்னைக் கூப்பிடாம விட்டுட்டோம்டா. தப்புதான்.”

“அதுக்கென்ன இப்போ? ஃபோட்டோ எடுத்தா கண்ணாடி பளபளன்னு அடிக்கும். நான் எந்த ஃபோட்டோவுலயும் நிக்கறதே இல்ல.”

கனமான கைகள் அவரை இன்னும் இறுக்கின.

“அம்மா, அன்னையிலேர்ந்து அவர் எந்த ஃபோட்டோவுலயும் நிக்கறதே இல்லையாம்” என்று முதலில் கத்திய பெண்ணின் குரல் உடைந்தது. “என்னாலதானே சித்தப்பா? என் கல்யாணத்துலதானே?”

சித்தப்பா என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் கண்ணாடிக்கடைக்காரருக்கு விஷயம் லேசாக உறைத்தது. மூவரும் மாறி மாறிப் பேசியதில் மீதியும் தெரிந்துவிட்டது. அணைத்துக்கொண்டிருந்தவர் மெத்தைக்கடை வைத்திருப்பவர். அவருக்கு ஒரே தம்பி. மகள் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது தம்பி கை கழுவப் போயிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் எல்லாரும் சிரித்து முடித்துக் கலைந்துகொண்டிருந்தார்கள். அன்று போனவர்தான். மகளுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது. எத்தனை தூது விட்டும், ‘உங்க யாரு வாசப்படியும் மிதிக்க மாட்டேன்’ என்று ஒரே பதில். கடைசியில் வாசப்படியே இல்லாத இடமாகப் பார்த்து இந்தப் பாறைக்கரையைச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன் என்று தகவல் வந்ததாம்.

“நீங்க நெனைக்கற ஆள் நான் இல்லம்மா” என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

“ஆமாண்டா” என்றார் மெத்தைக்கடைக்காரர். “நீ அந்த ஆள் இல்ல. நானும் பழைய ஆள் இல்ல. காலம் யாரைத்தான் விட்டு வெச்சுது?”

“அப்படி இல்லீங்க, நான்…”

“சித்தப்பா, வேற ஒண்ணும் வேண்டாம். மன்னிச்சுட்டேன்னு வாயால ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அப்பா ஒரு வாரமா தூங்கல.”

மெத்தைக்கடைக்காரர் அடக்க முடியாமல் தேம்பினார். கண்ணாடிக்கடைக்காரருக்கு மற்ற எல்லாம் மறந்துபோயிற்று. கண் ஆபரேஷன் ஆன மனிதர் இப்படி அழலாமா? தையல் என்ன ஆவது? நீர் கோத்துக்கொண்டால்?

“அழாத, அழாத, கண்ணுக்கு ஆகாது” என்று பதறினார். “மன்னிச்சுட்டேன். போதுமா? முழுசா மன்னிச்சுட்டேன். கண்ணைத் துடை. தேய்க்காத, ஒத்தி எடு.”

சொன்னவுடன் அவர் நெஞ்சுக்குள்ளேயே ஏதோ இளகியது. அவருக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. யாரோடும் இவ்வளவு பெரிதாகக் கோபித்துக்கொண்டதும் இல்லை. மன்னிப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. இன்னும் இரண்டு மூன்று விஷயங்களுக்கு மன்னிக்கச் சொன்னாலும் மன்னித்திருப்பார்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெல்வெட் என்பதைத் தடவியே தெரிந்துகொண்டார். அன்றைக்குப் படத்தில் அவருக்கென்று போட்டிருக்க வேண்டிய நாற்காலி என்று மெத்தைக்கடைக்காரர் தன் கையாலேயே தைத்தாராம். மாப்பிள்ளை, அதாவது அந்த மகளின் கணவர், எதிர்ப்பாறையில் ஏறி நின்று காமிராவைப் பிடித்தார். “சித்தப்பா, இந்தப் பக்கம் பாருங்க. இந்தப் பக்கம். அது கடல்.” நடுவில் கண்ணாடிக்கடைக்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இரு பக்கமும் குடும்பம் நிற்க, படம் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை இறங்கி வந்து அவித்த முட்டையை உரித்து அவர் கையில் கொடுத்தார்.

பாதி முட்டை தின்றுகொண்டிருக்கும்போது, “இங்க என்ன பண்றீங்க?” என்று அவர் மனைவியின் குரல் கேட்டது. “இந்தக் கரை முழுக்கத் தேடிட்டு வர்றேன். யாரோட நாற்காலி இது? கண்ணாடி எங்க?”

“கண்ணாடி விழுந்துடுச்சு” என்றார் அவர்.

“யாரு தம்பி இது?” என்றாள் மெத்தைக்கடைக்காரரின் மனைவி.

“என் சம்சாரம்.”

“கல்யாணம் வேற பண்ணிட்டியா!” என்று மெத்தைக்கடைக்காரர் மறுபடியும் கண்ணில் கை வைத்தார். “உன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடல, என் மக கல்யாணத்துல நான் உன்னைக் கூப்பிடல. கணக்கு சரியாப் போச்சு.”

“சித்தி, உக்காருங்க சித்தி” என்றாள் மகள்.

“யாருக்கு யாரும்மா சித்தி? எங்களுக்குக் கண்ணாடிக் கடை. இவருக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாது. இவரை நீங்க—”

அவள் பேச்சை முடிக்கவில்லை. காட்டின் ஓரத்திலிருந்து ஒரு கர்ஜனை வந்தது.

“டேய் அண்ணா! அது நான் இல்லடா! நான்தான்டா நான்!”

ஓர் ஆள் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, பாறைகளில் இரண்டு முறை வழுக்கி, ஒரு முறை விழுந்து, பாசியோடு எழுந்து வந்து சேர்ந்தார். இவர்தான் உண்மையான சித்தப்பா. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துபவர். ‘ப்ரேக்’ என்று கத்திக் கத்தியே அவருக்கு ப்ரேக் வாத்தியார் என்று பெயர் நிலைத்துவிட்டது. எல்லாருக்கும் முன்னாடியே வந்துவிட்டாராம். கொஞ்ச நேரம் தவிக்க விடலாம், அப்புறம் மெதுவாக இறங்கிப் போகலாம் என்று மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எவனோ ஒருவன் பிட்டத்தால் நகர்ந்து வந்து அவருக்கு வரவேண்டிய கண்ணீரையும் கட்டியணைப்பையும் நாற்காலியையும் வாங்கிக்கொண்டுவிட்டான்.

“எனக்குப் பதிலா மன்னிக்க நீ யாருய்யா?”

“கண்ணாடிக் கடை வெச்சிருக்கேன் சார்.”

“கண்ணாடிக் கடைக்காரனுக்கு எங்க குடும்பத்துல என்ன வேலை?”

“கண்ணாடி விழுந்துடுச்சு சார். அதனாலதான்.”

ப்ரேக் வாத்தியார் அண்ணன் பக்கம் திரும்பினார். “இந்த மன்னிப்பு செல்லாது. முதல்லேர்ந்து கேளு.”

மெத்தைக்கடைக்காரருக்கும் இப்போது ரோஷம் வந்துவிட்டது. “அதெப்படி? ஜென்மத்துக்கு ஒரு தடவைதான் கேக்க முடியும். கேட்டாச்சு. மன்னிச்சாச்சு. எல்லாரும் சாட்சி.”

“யாரு மன்னிச்சது?”

“சித்தப்பாதான்” என்றார் மாப்பிள்ளை பழக்கதோஷத்தில்.

“மாப்பிள்ளை, நான்தான் சித்தப்பா!”

“சார், வேணும்னா நான் வாபஸ் வாங்கிக்கறேன்” என்று நாற்காலியிலிருந்து எழுந்தார் கண்ணாடிக்கடைக்காரர்.

“நீங்க சும்மா உக்காருங்க” என்றார் மெத்தைக்கடைக்காரர். “வாபஸ் வாங்கினா நான் திரும்ப அழணும். அழக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அண்ணன் தம்பி இரண்டு பேரும் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் நியாயம் சொல்லும் களை இருந்திருக்க வேண்டும். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளும் சொன்னாள்.

“எங்க கடையில ஒருத்தரோட கண்ணாடி மாறி இன்னொருத்தர் கைக்குப் போயிடறது உண்டு. போட்டவர் நல்லா தெரியுதுன்னு சொல்லிட்டா நாங்க பிடுங்கறதில்ல. உரியவருக்குப் புதுசா ஒண்ணு செஞ்சு குடுத்துடுவோம். நீங்களும் தம்பிக்குப் புதுசா ஒண்ணு கேட்டுடுங்க. அழாம கேளுங்க.”

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. மெத்தைக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “மன்னிச்சுடு” என்றார். இலவம்பஞ்சு மெத்தை இன்றைக்கு வராது, நாளைக்கு வாருங்கள் என்று சொல்வதுபோல இருந்தது.

“இதுல உயிரே இல்லையே!” என்று குதித்தார் தம்பி. “இவர்கிட்ட கேட்டப்ப எப்படிக் கேட்ட? கட்டிப் பிடிச்ச, தேம்பித் தேம்பி அழுத. நான் பாத்துட்டுதானே இருந்தேன்.”

“எங்கேர்ந்து பாத்தே?”

“மரத்துக்குப் பின்னாலேர்ந்து.”

மாப்பிள்ளை காமிராவைக் கிட்டே கொண்டுவந்து பெரிதாக்கிப் பார்த்தார். “ஆமா. ஃபோட்டோவுலயே விழுந்திருக்கீங்க. இதோ, மரத்துக்குப் பக்கத்துல பாதி மூஞ்சி.”

“பாதியா? இந்தத் தடவையும் பாதியா?”

“இருங்க இருங்க” என்று முன்னால் வந்தாள் தம்பிக்கு அண்ணியான மெத்தைக்கடைக்காரரின் மனைவி. “அப்ப நாங்க குடையை விரிச்சதுலேர்ந்து அங்கதான் நின்னீங்களா? உங்க அண்ணன் இந்த ஆபரேஷன் கண்ணோட வழுக்கி விழப் பாத்தப்பவும்? பாத்துட்டே நின்னீங்களா?”

ப்ரேக் வாத்தியார் சட்டையில் ஒட்டியிருந்த பாசியைத் தட்டிவிட்டார்.

“இப்ப மன்னிப்பு கேக்க வேண்டியது யாரு?” என்றாள் அண்ணி.

இதற்கு என்ன பதில் வந்திருக்குமோ தெரியாது. பேச்சு மும்முரத்தில் யாரும் கடலைக் கவனிக்கவில்லை. அலை ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு பெரிய அலை பாறை மேல் படர்ந்து எல்லாருடைய முழங்காலையும் நனைத்தது. கண்ணாடிக்கடைக்காரரை அவர் மனைவி சட்டைக்காலரைப் பிடித்து மேலே இழுத்துவிட்டாள். அலை திரும்பியபோது நாற்காலியும் கூடவே போனது. மூழ்கவில்லை. உள்ளே அடைத்திருந்த பஞ்சு அதைப் படகுபோலத் தூக்கிப் பிடித்தது.

“என் நாற்காலி!” என்று மெத்தைக்கடைக்காரர் பாய்ந்தார். அடுத்த அலை அவரை வாரி நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டது. கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டு, ராஜாபோல நிமிர்ந்து உட்கார்ந்து, அவர் கரையை விட்டு மெல்ல விலகினார்.

“அப்பா!”

ப்ரேக் வாத்தியார் செருப்போடு தண்ணீரில் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். பிறகு வழக்கமான குரல் தானாக வெளியே வந்தது.

“இடது! இடது பக்கம் ஒடி! ஒடின்னா ஒடி!”

“ஸ்டியரிங் எங்கடா இருக்கு இதுல?”

“காலை உதை! அவசரப்படாத. இப்ப ரிவர்ஸ். பின்னால பாக்காத, நான் பாத்துக்கறேன். ப்ரேக்! ப்ரேக்!”

“ப்ரேக்காம்! மெத்தைக்கு எதுடா ப்ரேக்?”

“கண்ணுல தண்ணி படக்கூடாது!” என்று கரையிலிருந்து கண்ணாடிக்கடைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவி அவர் தலையைத் திருப்பிவிட்டாள். “உப்புத் தண்ணி! வலது கண்ணு! மூடுங்க!”

ப்ரேக் வாத்தியாருக்குக் கேட்டுவிட்டது. ஒரு கையால் அண்ணனின் வலது கண்ணைப் பொத்தினார். இன்னொரு கையால் நாற்காலியைத் தள்ளினார். ஒவ்வோர் அலைக்கும் இருவரும் ஒரு தடவை காணாமல் போய் மறுபடி தெரிந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கை கண்ணிலேயே இருந்தது. கடைசியில் மாப்பிள்ளையும் இறங்கிக் கைகொடுக்க, அண்ணன், தம்பி, நாற்காலி மூன்றும் கரையேறின.

“இடதுன்னா எது, வலதுன்னா எதுன்னு இன்னும் தெரியல உனக்கு” என்றார் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு.

“நீ என் கண்ணைப் பொத்திட்டு இடது எங்கன்னா நான் எப்படிடா பாக்கறது?”

அதற்குப் பிறகு மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. நனைந்த நாற்காலி முன்னைவிட மூன்று மடங்கு கனத்தது. அதைக் காட்டுப்பாதையில் மேலே ஏற்றும்போது முன்னால் அண்ணனும் பின்னால் தம்பியும் பிடித்துக்கொண்டு, யார் வேகமாகப் போகிறார்கள், யார் சரியாகத் தூக்கவில்லை என்று வழி நெடுகச் சண்டை போட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மனைவியின் குடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். காடு அவருக்கு ஒரே பச்சையாகத் தெரிந்தது.

நாற்காலியை மெத்தைக்கடை வேனில் ஏற்றி மகளும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். மற்றவர்களை ஓட்டுநர் பள்ளிக் காரில் கொண்டுபோய் விடுவதாக ப்ரேக் வாத்தியார் சொன்னார். சொல்லிவிட்டு நேராகப் போய் ஸ்டியரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்துகொண்டார். கற்றுக்கொடுப்பவருக்கென்று தனியாக ஒரு ப்ரேக் அந்தப் பக்கத்தில் இருந்தது.

“யாரு ஓட்டறது?” என்றாள் அண்ணி.

“எனக்கு இந்தப் பக்கம்தான் பழக்கம். அந்தப் பக்கம் உக்காந்தா ஓட்டவே வராது. வர்றப்ப கத்துக்கற பையன் ஒருத்தன் ஓட்டிட்டு வந்தான், பஸ்ல திரும்பிப் போயிட்டான்” என்றார் அவர், வெளியே பார்த்துக்கொண்டு.

கடைசியில் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவிதான் ஓட்டினாள். லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாளே தவிர ஓட்ட அவளுக்குக் கார் கிடைத்ததில்லை. அவள் வேகம் எடுக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்தவர் காலை அழுத்தினார். “அந்த ப்ரேக்லேர்ந்து காலை எடுங்க, இல்லன்னா இறங்கி நடங்க” என்று அவள் ஓர் அதட்டல் போட்டாள். அவர் காலை மடக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டு வந்தார்.

தெருமுனையில் காரை நிறுத்தி, பலகையில் ஒருவர் பின் ஒருவராகக் கை பிடித்து ஏறிக் கடைக்குள் வந்தார்கள். கண்ணாடிக்கடைக்காரர் மேசை இழுப்பறைக்குள் கையை விட்டுத் துழாவி, காது ஒடிந்து ஒட்டுப்போட்ட பழைய கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போதுதான் அவர் அந்தக் குடும்பத்தை முதன்முதலாகப் பார்த்தார்.

ப்ரேக் வாத்தியார் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். தலையில் ஒரு முடி இல்லை. மீசை மட்டும் இரண்டு பக்கமும் கத்தை கத்தையாக இறங்கியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் அவர் தோளுக்குக்கூட வரமாட்டார். உருண்டை முகம், மழமழவென்று சவரம், தலை நிறையச் சுருட்டை முடி. எதிர்க்கண்ணாடியில் தன்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அண்ணியைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், சரி. உங்களுக்குக் கண்ணு நல்லாதானேம்மா இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“அப்புறம் எப்படி என்னை…”

“நீங்க தவழ்ந்து வந்தப்பவே தெரியும்” என்றாள் அவள். “மூக்கே வேற. இவரு ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தாரு. தம்பின்னு ஆரம்பிச்சாலே வாய் அடைச்சுடும். உங்களைப் பாத்ததும் என்னவோ கொட்டிட்டாரு. வர்றப்ப வந்துட்டுப் போகட்டும்னு நான்தான் பேசாம இருந்துட்டேன். மகளுக்கும் பாதியில தெரிஞ்சுபோச்சு.”

“பாதியிலன்னா?”

“நீங்க முட்டையை வாங்கித் தின்னப்ப. எங்க கொழுந்தனாருக்கு முட்டை ஆகாது.”

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் அங்கே இன்னொரு பேச்சு தொடங்கிவிட்டது. இவரை இனிமேல் என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று மெத்தைக்கடைக்காரர் கேட்டிருந்தார். மகள் ஏற்கெனவே சித்தப்பா என்று கூப்பிட்டாகிவிட்டது, அதை மாற்ற முடியாது என்றார். அதெல்லாம் வயசைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றாள் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி. வயதைப் பார்த்ததில் அவர் ப்ரேக் வாத்தியாரைவிட ஒரு மழைக்காலம் மூத்தவர் என்று தெரிந்தது.

“அப்ப நடு அண்ணன்” என்றார் மெத்தைக்கடைக்காரர் சந்தோஷமாக. “எனக்கு அடுத்து இவரு. அப்புறம் நீ.”

“நான் கடைசியா?” என்றார் ப்ரேக் வாத்தியார்.

“நீ எப்பவுமே கடைசிதானேடா.”

“ரெண்டு பேர்ல கடைசி வேற, மூணு பேர்ல கடைசி வேற!”

முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். பலகைவரை போனவர் அங்கேயே நின்றார். கோபத்தோடு கிளம்பிப் போக அவருக்கு யாராவது காரை ஓட்ட வேண்டியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி கார்ச் சாவியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, எல்லாருக்கும் டீ போட உள்ளே போனாள்.